ஸ்பானிய வினைச்சொல் அட்டவணை மனப்பாடம் ஆகிவிட்டது, போனில் பேசும்போது மட்டும் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: சரக்குமேசை (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். ஸ்பெயினில் வலென்சியா, மெக்சிகோவில் மான்சனியோ, இந்த இரண்டு துறைமுக அலுவலகங்களோடு பேசுவது என் பொறுப்பு. கன்டெய்னர் எண், பில் ஆஃப் லேடிங் என்ற சரக்குச் சீட்டில் திருத்தம், கப்பல் என்றைக்கு வந்து சேரும், நாள் முழுக்க இதே பேச்சுதான். மெயில் என்றால் நிதானமாகப் பார்த்து எழுதிவிடலாம். போனில் அந்த நிதானம் கிடைக்காது.

டெலெ என்ற ஸ்பானிய மொழித் தேர்வில் ஏ2 நிலை முடித்துவிட்டு அடுத்த நிலையான பி1-க்குப் படிக்கிறேன். ஒழுங்கான வினைச்சொல்லுக்கு மாதிரியாக என் புத்தகம் 'மிரார்' என்பதை எடுத்துக்கொள்கிறது. பார்ப்பது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு பக்கம் அட்டவணை. ஒவ்வொரு காலத்துக்கும் ஆறு வரிசை. வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் தடங்கலே இல்லாமல் ஒப்பிப்பேன். ஆனால் பேச்சில் 'நாங்கள் பார்த்தோம்' என்று சொல்ல வேண்டியிருந்தால், மனசுக்குள் முதல் வரிசையிலிருந்து இறங்கி நான்காவதுக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் அடுத்த கன்டெய்னருக்குப் போய்விடுவார்.

அப்புறம், எதிர்காலத்தில் ஒரு 'மிராரா', சப்ஜங்டிவ் என்ற தனி வினைவடிவத்தின் இறந்தகாலத்தில் ஒரு 'மிராரா'. எழுத்தில் மேலே ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். காதில் எப்படிப் பிரிப்பது?

பெயர்களும் குழப்புகின்றன. ஸ்பெயினில் அச்சான என் புத்தகம் 'இம்பெர்பெக்தோ', 'கொந்திசியோனால்' என்கிறது. மான்சனியோவில் இருக்கும் ஒரு தோழி தன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் 'கோப்ரெதேரிதோ', 'போஸ்ப்ரெதேரிதோ' என்று இருக்கிறது. இவை வேறு காலங்களா, அதே காலங்களுக்கு வேறு பெயரா?

கடைசியாக சப்ஜங்டிவ். விதிகளைப் படித்தேன். ஆனால் அது எதற்காக இருக்கிறது என்பது மனதில் உட்காரவில்லை. தமிழில் யோசித்துப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: மத்ரித் மொழிபெயர்ப்பாளர்

சலமான்காவில் படித்துவிட்டு இப்போது மத்ரித்தில் ஒப்பந்தங்களும் நீதிமன்றத் தாள்களும் மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். மாலையில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஸ்பானிய வினையை ஆங்கிலம் வழியாகப் பார்க்காதீர்கள். ஆங்கில வினை, செய்பவர் யார் என்பதை அநேகமாகக் காட்டாது. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடப்புத்தகங்களுக்கு ஆறு வரிசை என்பதே பெரிய விஷயமாகத் தெரிகிறது. நமக்கு அப்படியா? 'பார்த்தோம்' என்றால் போதும், 'நாங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானியமும் அப்படியே.

முதலில் எழுதும் முறைக்கு ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். ஸ்பானியத்தில் குறில், நெடில் என்று பொருள் மாறாது. அங்கே பொருளை மாற்றுவது அழுத்தம். ஆகவே அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும், மற்றதைக் குறிலாகவும் எழுதுகிறேன். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில் நெடில் இரண்டும் வைத்திருப்பதால் தமிழ் எழுத்து இதற்கு வெகு பொருத்தம். 'மீரொ' என்றால் நான் பார்க்கிறேன். 'மிரோ' என்றால் அவன் பார்த்தான். ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. மாறியது அழுத்தம் ஒன்றுதான்.

இப்போது உங்கள் 'மிராரா' இரண்டையும் இந்த முறையில் எழுதிப் பாருங்கள். எதிர்காலம் 'மிரரா'. சப்ஜங்டிவ் இறந்தகாலம் 'மிரார'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் குரல் கடைசியில் நீள்கிறது, இன்னொன்றில் நடுவில் நீள்கிறது. காதும் இந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

அடுத்து, பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'படித்தனர்' என்றால் படி + த் + த் + அன் + அர் என்று பிரிப்போமே, பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி என்று. ஸ்பானிய வினையையும் அப்படியே பிரிக்கலாம். 'மிராபமொஸ்' என்பதைப் பிரித்தால்:

மிர் + ஆ + ப + மொஸ்

'மிர்' பகுதி. 'ஆ' இந்த வினை எந்தக் குடும்பம் என்று காட்டும் உயிர். 'ப' கால இடைநிலை. 'மொஸ்' விகுதி, நம் 'ஓம்' செய்கிற வேலையைச் செய்கிறது.

விகுதிகளை ஒரே ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். 'நீ' என்றால் ஸ். 'நாம்' என்றால் மொஸ். ஸ்பெயினில் மட்டும் வழங்கும் நெருக்கமான 'நீங்கள் எல்லோரும்' என்றால் ய்ஸ். 'அவர்கள்' என்றால் ன். 'அவன், அவள், அது' மூன்றுக்கும் விகுதியே இல்லை, வெறுமனே நிற்கும். 'நான்' நிகழ்காலத்தில் ஒ, வேறு பல இடங்களில் அதற்கும் விகுதி கிடையாது. இந்த விகுதிகள் கிட்டத்தட்ட எல்லாக் காலத்திலும், சப்ஜங்டிவிலும் மாறாமல் வரும். மீரஸ், மிராபஸ், மிரராஸ், மிரரீயஸ், மீரெஸ், மிராரஸ்: எல்லாவற்றிலும் கடைசி 'ஸ்' உங்கள் 'நீ'. மிராமொஸ், மிராபமொஸ், மிரரேமொஸ், மிரரீயமொஸ், மிரேமொஸ், மிராரமொஸ்: எல்லாமே 'நாம்'. அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிப்பதற்குப் பதில் இப்படிக் குறுக்காகப் படியுங்கள். 'நாம்' வேண்டும் என்றால் 'மொஸ்' முதலில் நாக்கில் வந்து நிற்க வேண்டும், காலம் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு காலம் மட்டும் தனிக்குடித்தனம் நடத்தும். முடிந்துபோன இறந்தகாலம்: மிரே, மிராஸ்தெ, மிரோ, மிராமொஸ், மிராஸ்தெய்ஸ், மிராரொன். இதில் 'நீ'-க்குக் கடைசியில் ஸ் கிடையாது. ஸ்பானியர்களிலேயே பலர் பேச்சில் 'மிராஸ்தெஸ்' என்று ஒரு ஸ் ஒட்டிவிடுவார்கள். எழுத்தில் அது பிழை. மற்ற எல்லாக் காலத்திலும் இருக்கும் அந்த ஸ் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இந்த ஆறையும் மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'மிராமொஸ்' நிகழ்காலத்துக்கும் இதற்கும் ஒன்றே. 'நேற்று', 'இப்போது' போன்ற சொல்தான் காலத்தைப் பிரித்துக் காட்டும்.

இனி இடைநிலைகள். 'மிரார்' குடும்பத்துக்கு வழக்க இறந்தகாலம் 'ப'. 'கொமேர்' (உண்பது), 'பிபீர்' (வாழ்வது) குடும்பங்களுக்கு 'ஈய': கொமீய, பிபீய. இந்தக் காலத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் மொத்த மொழியிலும் மூன்றே மூன்று, அதாவது ஸேர் (இருப்பது), ஈர் (போவது), பேர் (காண்பது). நிம்மதியான காலம் இது.

எதிர்காலத்தின் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. இதற்கு இடைநிலையே கிடையாது. முழு வினைப்பெயரின் பின்னால் 'அபேர்' என்ற துணைவினையின் நிகழ்காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிரார் + ஏ = மிரரே. மிரார் + ஆஸ் = மிரராஸ். மிரார் + ஆ = மிரரா. லத்தீன் பேச்சு வழக்கில் 'பார்க்க இருக்கிறேன்' என்ற மாதிரி இரண்டு சொல்லாக இருந்தது ஒட்டி ஒரு சொல்லாகிவிட்டது. பழைய ஸ்பானியத்தில் நடுவே வேறு சொல்லைச் செருகிக்கூடப் பேசினார்கள். 1492-இல் சலமான்காவில் அச்சான நெப்ரிஹாவின் இலக்கணமே இந்தக் கூட்டைக் கவனித்துச் சொல்கிறது. பின்னால் ஒட்டியது ஒருகாலத்தில் தனிச்சொல் என்பதால்தான் அழுத்தம் அங்கே விழுகிறது. 'மிரரா'வின் கடைசி நெடில் ஏன் என்று இனி உங்களுக்குச் சந்தேகம் வராது. வினைப்பெயர் முழுசாக நிற்பதால் மூன்று குடும்பங்களுக்கும் ஒட்டு ஒன்றே: மிரரே, கொமெரே, பிபிரே. 'ஈய'வை ஒட்டினால் 'பார்ப்பேனே, ஆனால்...' என்கிற நிபந்தனைக் காலம்: மிரரீய, கொமெரீய, பிபிரீய.

இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். 'யெகார்', வந்து சேர்வது. ஒலியில் முழு ஒழுங்கு. எழுத்தில் மட்டும் எகரத்துக்கு முன்னால் ஒலிக்காத ஒரு யு சேரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். 'பார்க்கொ' என்றால் கப்பல், 'லூனெஸ்' திங்கட்கிழமை.

எல் பார்க்கொ யேக எல் லூனெஸ். கப்பல் திங்கள் வருகிறது. அட்டவணைப்படி வருவதற்கு நிகழ்காலமே போதும், தமிழைப் போலவே.

யெகோ எல் லூனெஸ். திங்கள் வந்தது. வந்தாயிற்று, தேதியோடு முடிந்த செய்தி.

அந்தெஸ் யெகாப லோஸ் லூனெஸ். முன்பெல்லாம் திங்கட்கிழமைகளில் வரும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது தமிழில் எதிர்கால வடிவம் போடுகிறோம்: அப்போதெல்லாம் தாத்தா விடிகாலையில் எழுந்துவிடுவார், பால்காரர் வருவார், பாட்டி காபி போடுவார். தமிழ் யோசனையோடு ஸ்பானியம் பேசுபவர்கள் இந்த இடத்தில் எதிர்காலத்தையோ, முடிந்துபோன இறந்தகாலத்தையோ எடுத்துவிடுவார்கள். 'அப்போதெல்லாம்' என்று மனசில் வந்தால் வாயில் 'ப' வர வேண்டும்.

ஆ யெகாதொ. வந்திருக்கிறது. அபீய யெகாதொ. வந்திருந்தது. துணைவினை மட்டும்தான் மாறும், 'யெகாதொ' அசையாது.

யெகரா எல் லூனெஸ். திங்கள் வரும். இதே வடிவம் ஊகத்துக்கும் உண்டு. 'ஸெரான் லஸ் த்ரேஸ்' என்றால் 'மணி மூன்று இருக்கும்'. நாம் சொல்லும் அதே 'இருக்கும்'தான். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு இது தனிப் பாடம். உங்களுக்குத் தேவையில்லை.

திஹேரொன் கெ யெகரீய எல் லூனெஸ். திங்கள் வரும் என்று சொன்னார்கள். நேற்று நின்றுகொண்டு நாளையைப் பார்த்த எதிர்காலம் என்பதால் 'ரீய'.

சப்ஜங்டிவ்தான் நீங்கள் உண்மையில் கேட்டது. அதற்குத் தமிழில் வாசல் வியங்கோள். வாழ்க, வருக, செல்க. இவை நடந்த செய்தியைச் சொல்வதில்லை; நடக்கட்டும் என்று விரும்புகின்றன. 'பிபீர்' வினையின் சப்ஜங்டிவ் 'பீப'. மேடையில் நாம் 'வாழ்க' என்று குரல் கொடுக்கும் இடத்தில் அவர்கள் கொடுப்பது அந்த 'பீப'தான். வடிவமும் எளிது. ஆகாரக் குடும்பம் எகரத்துக்குப் போகும்: மீர, மீரெ ஆகும். மற்ற இரண்டும் அகரத்துக்கு வரும்: கோமெ, கோம ஆகும். உயிர்கள் இடம் மாற்றிக்கொள்கின்றன, விகுதிகள் அப்படியே.

வியங்கோளிலிருந்து ஒரு படி விரிவாக யோசியுங்கள். வாக்கியத்தின் அந்தப் பகுதியை 'இது நடக்கிறது' என்று நீங்கள் உறுதி சொல்கிறீர்களா? சொன்னால் சாதாரண வடிவம். விரும்புகிறீர்கள், சந்தேகப்படுகிறீர்கள், இன்னும் நடக்காததற்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் சப்ஜங்டிவ். க்ரேயொ கெ யேக: வருகிறது என்று நினைக்கிறேன், அதாவது என் கணக்கில் வருகிறது. நொ க்ரேயொ கெ யேகெ: வரும் என்று தோன்றவில்லை. எஸ்பேரொ கெ யேகெ: வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், வரட்டும். 'ஒஹலா யேகெ' என்றும் காதில் விழும். அந்த 'ஒஹலா' இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடரிலிருந்து ஸ்பானியத்துக்கு வந்தது. பின்னால் சப்ஜங்டிவ்தான் வரும்.

உங்கள் வேலையில் தினமும் வரும் இடம் இது: குவாந்தொ யேகெ எல் பார்க்கொ, யாமமெ. கப்பல் வந்ததும் கூப்பிடு. தமிழில் 'வந்ததும்' என்று இறந்தகால வடிவம் போட்டாலும் கப்பல் இன்னும் வரவில்லை. வராததால் 'யேகெ'. இதுவே வழக்கமாக நடப்பது என்றால், குவாந்தொ யேக. கப்பல் வரும்போதெல்லாம்.

'யெகார', அதாவது உங்கள் நடு நெடில் வடிவம், 'ஒருவேளை வந்தால்' என்ற கற்பனைக்கு. ஸி யெகார எல் லூனெஸ், அபிஸரீயமொஸ். திங்கள் வந்துவிட்டால் தெரிவிப்போம், ஆனால் வருவது சந்தேகம். இதைச் செய்ய ஒரு வழி உண்டு, எந்த வினைக்கும் தவறாது: முடிந்த இறந்தகாலத்தின் 'அவர்கள்' வடிவத்தை எடுத்து, கடைசி 'ரொன்' போய் 'ர' வர வேண்டும். யெகாரொன், யெகார. கொமியேரொன், கொமியேர. முரட்டு வினைகளும் இதற்குக் கட்டுப்படும். 'யெகாஸெ' என்று இன்னொரு வடிவமும் பார்ப்பீர்கள். பொருள் அதேதான், படித்தால் புரிந்தால் போதும்.

ஏவலும் இதோடு சேர்ந்ததே. என் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னிடம் வரும் மாணவிகளிடம் 'மீர, ஈஹ' என்பார். இந்தாம்மா, பாரு. அதே பெண்கள் வங்கிக்குப் போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் 'மீரெ' என்பார். பாருங்கள். 'நீ' ஏவலுக்கு 'அவன் பார்க்கிறான்' வடிவமே போதும். மரியாதை ஏவலுக்கு சப்ஜங்டிவ். 'உஸ்தேத்' என்ற மரியாதைச் சொல் 'தங்கள் கருணை' என்ற பொருளுள்ள நீண்ட தொடர் தேய்ந்து வந்தது. 'ஐயா என்ன சாப்பிடுகிறார்?' என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் கேட்போமே, அப்படி. அதனால்தான் அது 'அவர்' வரிசையில் போகிறது. வேண்டாம் என்று தடுக்கும்போது யாராக இருந்தாலும் சப்ஜங்டிவ்தான்: நொ மீரெஸ், நொ மீரெ.

பி1-க்கு 'யேகெ' வகை நன்றாக வந்தால் போதும். 'யெகார' வகை பி2-இல்தான் முழுசாக வரும். ஆனால் போனில் அது வரத்தான் செய்யும், ஆகவே காதுக்குப் பழக்கிவிடுங்கள்.

பதில்: குவாதலஹார வாசி

மேலே சொன்னவருக்கு நன்றி, குறுக்காகப் படிப்பதை என் பையனுக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். மெக்சிகோ பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

பெயர் குழப்பத்துக்கு விடை: காலங்கள் அதேதான். ஆந்த்ரெஸ் பெயோ என்ற அறிஞர் வெனிசுலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்தவர். அமெரிக்கக் கண்டத்து மக்களுக்கென்றே ஒரு ஸ்பானிய இலக்கணம் எழுதி 1847-இல் வெளியிட்டார். காலங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் அவை. 'கோப்ரெதேரிதோ', உங்கள் புத்தகத்தின் 'இம்பெர்பெக்தோ', என்றால் இறந்தகாலத்தோடு உடன் நிகழ்வது: நான் போனபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், மிராப. 'போஸ்ப்ரெதேரிதோ', உங்கள் 'கொந்திசியோனால்', என்றால் இறந்தகாலப் புள்ளிக்குப் பிந்தியது: வரும் என்றார்கள், யெகரீய. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. என்னைக் கேட்டால் ஸ்பெயின் பெயர்களைவிட இவையே படிப்பவருக்குத் துணை. மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் இப்படித்தான். ஸ்பானிய மொழிக் கழகத்தின் 2009 இலக்கணம் இரண்டு வகைப் பெயரையும் தருகிறது.

மான்சனியோவுக்குப் பேசும்போது 'ய்ஸ்' வரிசையை மறந்துவிடுங்கள். இங்கே யாரும் பேசுவதில்லை. நண்பர்கள் கூட்டமோ, அதிகாரிகள் கூட்டமோ, எல்லோரும் 'உஸ்தேதெஸ்', வினை 'அவர்கள்' வரிசையில். வலென்சியாவுக்கு அது தேவை, கேட்டுப் புரிந்துகொள்ளவாவது.

இன்னொரு வித்தியாசம் உங்கள் வேலையில் நேரடியாக வரும். கப்பல் இன்று காலை வந்திருந்தால் வலென்சியாக்காரர் 'ஆ யெகாதொ' என்பார். இங்கே 'யெகோ'. 'யா யெகோ' என்றால் வந்தாயிற்று, அவ்வளவுதான். மெக்சிகோவில் 'ஆ யெகாதொ' குறைவாகத்தான் கேட்கும், இதுவரை தொடரும் விஷயத்துக்கே பெரும்பாலும் வரும். 'தொதவீய நொ ஆ யெகாதொ', இன்னும் வரவில்லை, இது இங்கேயும் சகஜம். ஆகவே 'யெகோ' என்று கேட்டால் நேற்றோ போன வாரமோ என்று நினைத்துவிடாதீர்கள், பத்து நிமிடத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம். நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் அவர்களுக்குக் காதில் விழவில்லை என்றால் 'மாந்தெ?' என்பார்கள். அது 'மந்தார்' (கட்டளையிடுவது) வினையின் மரியாதை ஏவல், உங்கள் 'மீரெ' மாதிரியேதான். சொல்லுங்கள் என்று பணிவாகக் கேட்பது. ஸ்பெயினில் இந்த வழக்கம் அரிது. வியங்கோள் பற்றிச் சொன்னதற்கும் இங்கே நல்ல சாட்சி உண்டு. சுதந்திர தின விழாவுக்காகச் செப்டம்பர் 15 இரவு குடியரசுத் தலைவர் தேசிய மாளிகையின் மாடத்தில் நின்று 'பீப மேஹிகொ' என்று மூன்று முறை முழங்குவார். கீழே சதுக்கம் நிறைந்த கூட்டம் ஒவ்வொரு முறையும் 'பீப' என்று திருப்பிக் கத்தும். சப்ஜங்டிவ் எதற்கு என்று என் பையன் கேட்டபோது அந்த ஒளிபரப்பைத்தான் காட்டினேன்.

பதில்: போனஸ் அயர்ஸ் மாணவன்

அர்ஜென்டினாவுக்கும் நாலு வரி. இங்கே 'நீ' என்பதற்கு 'தூ' கிடையாது, 'போஸ்'. நிகழ்காலத்தில் அழுத்தம் கடைசிக்குப் போகும்: மீரஸ் என்பது மிராஸ் ஆகும், கோமெஸ் என்பது கொமேஸ் ஆகும். ஏவலும் அப்படியே, மீர என்பது மிரா. இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் 'தூ' மாதிரியேதான், புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். 'யெகார்' இங்கே 'ஷெகார்' என்று கேட்கும். போனஸ் அயர்ஸ் துறைமுகம் உங்கள் பட்டியலில் சேரும் அன்றைக்கு இது கைகொடுக்கும்.

சரக்குமேசை

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. 'மிரரா', 'மிரார' இரண்டையும் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிட்டேன். 'அப்போதெல்லாம்' என்றால் 'ப' என்பது எந்த வகுப்பிலும் யாரும் சொல்லாத விஷயம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வலென்சியாவிலிருந்து வரும் ஒப்பந்தத் தாள்களில் 'ஸி லொஸ் உபியேரெ' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. புத்தகத்தின் கடைசியில் 'மிராரெ' என்று ஒரு வரிசையும் இருக்கிறது, விளக்கமே இல்லாமல். இரண்டும் ஒன்றா? இதையும் பேசப் பழக வேண்டுமா?

மத்ரித் மொழிபெயர்ப்பாளர்

ஒரே வகைதான். சப்ஜங்டிவின் எதிர்காலம். 'மிரார' வடிவத்தின் கடைசி அகரம் எகரமானால் 'மிராரெ'. பேச்சிலிருந்து எப்போதோ போய்விட்டது, சட்டமும் ஒப்பந்தமும் பழமொழியும்தான் அதை வைத்திருக்கின்றன. நான் அன்றாடம் புழங்கும் 1995 தண்டனைச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, ஒருவரைக் கொல்பவருக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை என்று சொல்லும் இடத்தில் 'மதாரெ' என்று எழுதுகிறது. இன்னார் கொன்றார் என்று சொல்லவில்லை. இனி எவரேனும் கொன்றால் என்கிறது. 'மதார்' கூட உங்கள் 'மிரார்' குடும்பம்தான், ஒரு எழுத்துகூட ஒழுங்கு தவறாது.

'ஸி லொஸ் உபியேரெ' என்றால் 'ஏதேனும் இருப்பின்'. தமிழ் ஒப்பந்தங்களில் 'இருந்தால்' என்று எழுதாமல் 'இருப்பின்' என்று எழுதுகிறார்களே, அதே தோரணை. செலவுகள், வரிகள், சேதங்கள் பற்றிய பத்திகளில் வரும். மொழிபெயர்க்கும்போது விட்டுவிடாதீர்கள், 'இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது, பணம் யார் கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது. போனில் சொல்ல வேண்டுமானால் 'ஸி லொஸ் ஆய்' என்று சாதாரண வடிவத்தில் சொல்லுங்கள். வலென்சியாக்காரரும் அப்படித்தான் சொல்வார்.